பூக்கடை மாலை

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் இருக்கிறவனுக்குச் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். உயிர் போய், குளிப்பாட்டி, பாடையும் கட்டிய பிறகு சேதி அனுப்பினாலும், 'உடம்புக்கு முடியல, உடனே வா' என்றுதான் அனுப்புவார்கள். வருகிறவன் வழியிலேயே நெஞ்சடைத்து விழுந்துவிடக் கூடாதாம். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில் மண் விழ.

என் புருஷன் தாண்டவராயன் வேலை பார்த்த பம்பாய் மில்லுக்கு டிரங்க் கால் வந்ததும் அப்படித்தான். பேசியவர் அவருடைய அக்கா புருஷன் பலராமன். அம்மாவுக்கு முடியவில்லை, உடனே புறப்படு என்று ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசிலிருந்து கத்திவிட்டு வைத்துவிட்டார். மில்லில் இருந்த தமிழாட்கள் ஒருத்தராவது என்ன நோய் என்று கேட்கவில்லை. தோளைத் தட்டி, காரியத்தை நல்லபடியாக முடித்துவிட்டு வா என்றார்கள். ரயிலேறும்போதே என் புருஷன் தாயில்லாப் பிள்ளை ஆகிவிட்டார்.

நான் காந்திமதி. திருநெல்வேலியிலிருந்து பிழைக்கப் போனவர்களுக்குத் தாராவியில் பிறந்தவள். எங்கள் கல்யாணம் மாமியாருக்குத் தெரியாமல் நடந்தது. அந்தத் தெக்கத்திக்காரியோடு என் வாசற்படியை மிதிக்காதே என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினாள். இவரும் ஆறு வருஷமாக மிதிக்கவில்லை. வீம்பில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஏற்ற இறக்கமே கிடையாது. நடுவில் கிடந்து வெந்தவள் நான். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த மனுஷி கண்ணை மூடுவதற்குள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். வசவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வேன். ரயிலில் ஒரு பொட்டுத் தூங்கவில்லை, அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

விடிந்த பிறகு சென்ட்ரலில் இறங்கினோம். இவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரகடம் வழியாகப் போகிற பஸ் பிராட்வேயிலிருந்து மதியத்துக்கு மேல்தான். ஆனால் காஞ்சிபுரம் பஸ்கள் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால், வல்லக்கோட்டை வழியாக நடந்தே உச்சிப்பொழுதுக்குள் வீடு போய்விடலாம். இவரே எனக்கு எப்போதோ சொன்ன வழிதான் அது. அப்படியே போய்விடுவோம் என்றேன்.

"எடுத்திருப்பாங்க காந்தி," என்றார். "நாளிக்குத்தான் பால் ஊத்துவாங்க. அதுக்குப் போய்ச் சேந்தா போதும்."

"ஒருவேள உசுரோட இருந்தாவன்னா?"

"எங்க ஊரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அதோடு என் வாயை அடைத்துவிட்டார். எனக்கு ஊரைத் தெரியாது, சரி. ஆனால் இவரை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று இவருக்குப் பயம். செத்துப்போய்விட்டாள் என்று வைத்துக்கொண்டால் அவசரம் இல்லை. அவசரம் இல்லை என்றால் பட்டணத்தைச் சுற்றலாம். கால் இருக்கிறது, காசு வேண்டாம்.

முதலில் பூக்கடைக்கு நடந்தோம். புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டுப் போடுவதற்கென்று ஒரு மாலை வாங்கினார். சம்பங்கியும் ரோஜாவும் கலந்து கட்டிய, கனமான மாலை. காலையில் வாங்கினால் மலிவாம். உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத மனுஷிக்கு மாலையா, வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். கேட்டால்தானே? வாழையிலையில் சுற்றி என் கையில் கொடுத்து, வழியில் குழாயைக் கண்ட இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொள், வாடிவிடப் போகிறது என்றார்.

தெளித்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு அதுதான் வேலை. ஐக்கோர்ட்டு வாசல் குழாயில் தெளித்தேன். கோட்டைக்கு எதிரே தெளித்தேன். தலையில் பை, இடுப்பில் மாலைப் பொட்டலம், முன்னால் இவர். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு ஓடியவர், சென்ட்ரலில் ரயிலேறியதைத் தவிர இந்தப் பட்டணத்தில் எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரு பெயர் சொன்னார். பாதி இவராக வைத்த பெயர். வேறு நாளாக இருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கூவம் பாலத்தைத் தாண்டிக் கடற்கரை. பம்பாயிலிருந்து எடுத்து வந்த காய்ந்த சப்பாத்தியை மணலில் உட்கார்ந்து தின்றோம். மீன்கூடையோடு போன ஒரு அம்மாள் இலைக்குள்ளிருந்த மாலையைப் பார்த்துவிட்டு நின்றாள். யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டாள். இவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா," என்றார்.

அதுவரைக்கும் அந்த வார்த்தையை இவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கோ, தன் வாயாலேயே கொன்றுவிட்டாரே என்று இருந்தது. இப்போதாவது கிளம்புவோம், வழியில் ஏதாவது பஸ் கிடைக்கும் என்று கெஞ்சினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தது வந்தோம், புதிதாகக் கட்டியிருக்கிற கலங்கரை விளக்கம்வரைக்கும் போய்விட்டு வரலாம் என்றார். போனோம். வெயிலில் தார் ரோடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. அவ்வளவு தூரமும் திரும்பி பிராட்வேக்கு நடந்தோம். அந்த நடையை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நடந்திருந்தால் வீட்டு வாசலில் போய் நின்றிருப்போம். இதை அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரகடத்தில் பஸ் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து காட்டு வழியாகக் கொஞ்ச தூரம். தெருமுனைக்கு வந்ததும் என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கி இலையைப் பிரித்தார். மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். சாவு வீட்டுக்கு வருகிற பிள்ளை தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு போக வேண்டும், அது முறை.

"என்னப் பெத்த தாயே, என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே..."

தெரு வெறிச்சென்று இருந்தது. பந்தல் இல்லை, பறை இல்லை. பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள், ஒருத்தியும் கூடச் சேர்ந்து அழவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு ஓடினார்.

எதிரே ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்து இவர் வாயைப் பொத்தினாள். அக்கா சரோஜா.

"பாவி, கத்தாதடா. அம்மா உசுரோட கீது."

அவளுக்குப் பின்னால், வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தது. மகன் வருகிற வழியைப் பார்க்க வேண்டும் என்று அந்த மனுஷிதான் காலையில் கட்டிலை வெளியே போடச் சொன்னாளாம். மத்தியானம்வரைக்கும் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாளாம். அவன் வந்தால் அவளையும் அழைத்து வரச் சொல், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று நாலு பேரிடம் சொன்னாளாம். வெயில் இறங்க இறங்கப் பேச்சும் இறங்கிவிட்டது என்று சரோஜா அழுதாள்.

பலராமன் இவரிடம் தலையில் அடித்துக்கொண்டு கேட்டார். "முடியலன்னுதானே சொன்னேன்? முடியாதத வேற எப்பிடிச் சொல்றது?"

இவர் மாலையோடு நின்றார். அதை எங்கே மறைப்பது? பின்னால் கொண்டுபோனார், கட்டில் காலில் உரசி ரோஜா இதழ்கள் கட்டிலுக்குக் கீழே கொட்டின. மாமியார் கண் திறந்துதான் இருந்தது. நாங்கள் தெருமுனைக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். மகனைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், நிதானமாக, தலையிலிருந்து கால்வரைக்கும். உதடு அசைந்தது. நான் கட்டிலருகே மண்டியிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"மாலைக்குத் தண்ணி தெளிச்சி வையிம்மா. நாளிக்கு வோணும்."

அதற்குமேல் யாரிடமும் பேசவில்லை. இவர் காலடியில் விழுந்து அம்மா அம்மா என்று கதறினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், விடியும்வரைக்கும் மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து மாலைக்குத் தெளித்தேன். மாமியார் எனக்கு இட்ட ஒரே வேலை அது. மறுநாள் மத்தியானம் அந்த மாலையைத்தான் அவளுக்குப் போட்டோம். ஒரு பூகூட வாடியிருக்கவில்லை.