லிஃப்டுக்குள் கேட்ட படங்கள்

எதிர்வீட்டிலிருந்து கடன் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மகள் படியேறினாள். இத்தனை நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிய உடம்பு. அழக்கூடத் தெம்பில்லை. அப்பா விடியற்காலையில் போய்விட்டார்; வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தியாயிற்று; சுடுகாட்டு வேன் வர மதியம் ஆகுமாம். அதுவரை வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமே! சாவு வீட்டில் வேலைக்கா பஞ்சம்?

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் கதவைக் குத்துவார்கள். அவர் வெளியே நின்று ஸ்பானரைத் திருகிக்கொண்டே ஒரு சிரிப்புப் படத்தின் கதையை ஆரம்பிப்பார். அதுவும் நாலு பேருக்குத் தெரிந்த படமா? கிடையவே கிடையாது. ஈயோட்டிய தியேட்டரில் அவரும் வாட்ச்மேனும் மட்டும் பார்த்த படமாக இருக்கும். சரியான கட்டம் வரும்போது கதவு திறந்துகொள்ளும். "மீதியைப் படத்துல பாத்துக்குங்க, நல்லா இருக்கும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான் இன்றைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பேங்க் மேனேஜர் ஒருவர் பூவை வைத்துவிட்டு மகளிடம் வந்தார்.

"உள்ள மாட்டினது யாருன்னு கேட்டு, ஆளைப் பாத்துத்தான் படம் சொல்வாரும்மா. என்னைக் கண்டா ஆபீஸே நடுங்கும். எனக்கு அவர் சொன்னது ஒரு முதலாளி கதை. ஸ்டாஃப் தன்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு கேக்குறதுக்காக, செத்த மாதிரி படுத்திருக்கான். எல்லாரும் சுத்தி நின்னு அழறாங்க. அப்பப் பாத்து இவனுக்குத் தும்மல்..." அவர் கண் கட்டிலின் பக்கம் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிடும்மா."

"பரவால்ல சார். தும்மினானா இல்லையா?"

"தெரியலையேம்மா. நான் இன்னும் படத்தைப் பாக்கலை."

அடுத்து வந்த பல் டாக்டர் அம்மாளுக்கு, வாயையே திறக்காத மாப்பிள்ளையின் படம். அவரும் பார்க்கவில்லை. "நேரம் எங்கம்மா இருக்கு?" என்றார். மூக்கைச் சிந்தினார். பின்னால் வந்த தையல்காரரும் பார்க்கவில்லை. பாவம் அப்பா! ஆயுசெல்லாம் செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறார்.

மகளுக்கு உறுத்தியது அது மட்டுமில்லை. ஆளைப் பார்த்துச் சொல்வாராமே! வழியில் போகிறவனுக்கெல்லாம் ஒரு படம் உண்டு. பெற்ற மகளுக்கு? ஒன்றுகூட இல்லை. லேசில் சிரிக்கமாட்டாள் என்று 'நீதிபதி' என்று பேர் வைத்ததோடு சரி. ஆஸ்பத்திரியில்கூடப் பக்கத்துக் கட்டில்காரருக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர், இவள் கஞ்சியோடு உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். நான் என்றால் அவருக்கு அவ்வளவு அலுப்பா என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

அம்மா சமையலறையில் தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, எனக்கு மட்டும் அப்பா ஏன் ஒரு படம்கூடச் சொல்லலை?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "உனக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தார்டி. இருக்கிறதுலயே ஒசத்தி அதுதானாம். சொல்லத்தான் பயந்தார்."

"என்கிட்ட என்ன பயம்?"

"ஊரே சிரிக்கலைன்னாலும் தாங்கிக்குவாராம். நீ சிரிக்கலைன்னா தாங்க முடியாதாம். இன்னைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு தள்ளிக்கிட்டே வந்தார்."

"என்ன படம்மா?"

"எனக்கும் சொல்லலையே. நான் உளறிடுவேனாம்."

மகள் கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். உட்கார்ந்து, அவர் முகத்துக்கு அருகே குனிந்தாள்.

"சொல்லுப்பா" என்றாள்.

வேன் டிரைவர் வாசலில் வந்து நின்றார். "கிளம்பலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்."

டிரைவர் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.