தராசில் ஏறாதவர்கள்

விடியலின் ஈரம் எலும்புவரை இறங்கியது. ஹெலிகாப்டரின் மேல் ஏறி நின்ற விமானி, அதன் நீண்ட இறக்கைகளில் படிந்த பனிநீரைத் தோள் வலிக்க வலிக்கத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடம் கண் மூடித் திறப்பதற்குள் மீண்டும் நனைந்தது. துடைப்பதற்கென்று இருந்தவரை நிறுவனம் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டது. பக்கத்து இருக்கைத் துணை விமானியையும்தான்.

நடுக்கடலிலுள்ள எண்ணெய்க் கிணற்று மேடைக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது அவர் பணி. எனினும் அவர்களுள் எவரோடும் அவர் பேசியதில்லை. ஏறுமுன் ஒவ்வொருவரும் தராசில் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே, அவருக்கு அவர்கள் வெறும் எடைகள்; அவர்களுக்கு அவர், விமானி இருக்கைத் தடுப்புக்கு அப்பால் தெரியும் ஒரு பிடரி.

கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி மூடுபனி கவிந்திருந்தது. இன்று பறக்க இயலாது என்று அவர் மேலாளரிடம் தெரிவித்த அதே வேளையில், அடுத்த ஓடுதளத்திலிருந்து ஒரு விமானம் இரைந்தபடி மேகத்துள் ஏறி மறைந்தது.

"அவ்வளவு பெரிய பிளேனே போகுது. உங்க தும்பிக்கு என்ன வந்துச்சு கேப்டன்?" என்றார் மேலாளர்.

"அது மேகத்துக்கு மேல போயிடும் சார். இறங்குற இடத்துல விளக்குப் போட்ட ஓடுதளம் இருக்கு, வழி சொல்ல ஆள் இருக்கு. நாம தண்ணியை ஒட்டிப் போகணும். மேடை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் இறங்கலாம். தெரியாம தேடினா கிரேன்ல போய் மோதுவோம். மேல ஏறினா இறக்கையில பனி உறையும். அதை உருக்குற வசதி நம்ம வண்டியில இல்ல."

"பயமா இருந்தா வீட்டுலயே இருந்துக்கங்க. பைலட் குடியிருப்புக்குப் போன் போட்டா இன்னொருத்தர் வந்துடுவார்."

விமானி ஓய்வறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சென்ற மழைக்காலத்தில் அப்படியொரு போன் வந்து கிளம்பிய சக விமானி நண்பர் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து ஓய்வறையில் நண்பரின் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தே கிடந்தது. மறுத்தால் வேலை போகும். பறந்தால் பின்னால் அமர்ந்திருக்கும் உயிர்கள் போகும். இதைச் சொல்லி அழக்கூட அவருக்கு ஓர் ஆள் இல்லை.

காத்திருப்புக் கூடத்தின் கதவு திறந்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. மேலாளர் உள்ளே சென்று எல்லோரையும் எடை பார்க்க அழைத்தார். வரிசையின் முதலில் நின்றவர், கிணற்று மேடையில் சமைக்கும் பெண். தன் எடையை உரக்கப் படிக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பவர். இன்று பையைத் தரையில் வைத்து அதன்மேல் அமர்ந்தார்.

"நான் தராசுல ஏறல சார்."

வேலை போய்விடும் என்று மேலாளர் எச்சரித்தார்.

"எடை பார்க்காம வண்டியை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்க? எடுத்துத்தான் பாருங்களேன்."

அடுத்து நின்ற வெல்டர் அவர் அருகில் அமர்ந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வரிசையே தரையில் அமர்ந்தது. மேலாளர் போனைக் காதில் வைத்தபடி வெளியேறினார்.

"யார் வேணா வரட்டும். ஏத்திட்டுப் போக ஆள் வேணாமா?" என்றார் வெல்டர்.

விமானி வாசலிலேயே தயங்கி நின்றார். சமையற்காரப் பெண் நகர்ந்து இடம் விட்டார்.

"உங்க முகத்தை இன்னைக்குத்தான் பாக்கறோம் அண்ணே. வந்து உக்காருங்க."

அவர் அமர்ந்தார். இருபுறமும் தோள்கள் இடித்தன. அந்த இளஞ்சூடு அவருக்குப் புதிதாயிருந்தது.

சற்று நேரத்தில் மூடுபனியைத் துழாவிக்கொண்டு ஒரு காரின் விளக்குகள் வந்தன. அழைக்கப்பட்ட விமானி. கேப்டன் எழுந்தார்.

"அவரைக் கூட்டிட்டு வரேன். ரெண்டு பேருக்கு இடம் விட்டு வைங்க."