பூஜைக்கு வைத்த சர்வர்

“ஒரு மளிகைக் கடைக்கு எதுக்குப் பிள்ளே ரெண்டு சர்வர்? ஒண்ணு பில் போடும். மத்தது என்ன, பல்லாங்குழி ஆடுமா?”

“ஒண்ணு படுத்தா மத்தது எழும்பும். கடை நிக்காது. அதுக்குத்தாம்ப்பா!”

வலியசாலைத் தெருவுக்கே கேட்டது. நான் ஒட்டுக்கேட்பவள் அல்ல. எங்கள் மாடியில் துணி காயப்போட்டால் குற்றாலலிங்கம் அண்ணாச்சி வீட்டுக் கூடம் தானாகவே காதில் விழும். அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகை. கணக்கும் கம்ப்யூட்டரும் மகள் ஜானவி கையில்.

“கடை பூட்டும்போது கணக்கை ஒரு காப்பி எடுத்து வச்சா மதி, அது போதும்.”

“மத்தியானம் மெஷின் போனா, காலையிலே வந்த ஆர்டரை யாரு தருவா? நீங்களா?”

அண்ணாச்சி பந்தயத்தில் இறங்கினார். இரண்டு சர்வர் வாங்கலாம். அதன் பிறகும் ஒரே ஒரு தடவை கடை நின்றால், அவள் கடையை விட்டுவிட்டு, அவர் பார்த்து வைத்திருக்கும் கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஜானவி சம்மதித்தாள். கடை அவளுக்கு உயிர். மாப்பிள்ளையின் ஃபோட்டோவைப் பார்த்தே கொட்டாவி விட்டவள்.

மெஷின் வைக்க வந்த மலையாளத்துப் பையன் வினீத் விளக்கினான். “சேச்சி, ரெண்டு வழி உண்டு. ரெண்டு மெஷினும் எழுதின பின்னேதான் பில் வெளியே வரும், அது ஒண்ணு. எதுவும் தொலையாது, பக்ஷே ஒண்ணு மத்ததுக்குக் காத்து நிக்கணும். இல்லேன்னா இங்கே எழுதிட்டு, அங்கே மெதுவா அனுப்பும். கடைசிப் பில் சிலது போனாலும் போகும்.”

“ஒண்ணும் போகக்கூடாது. முதல் வழி.”

ஒரு மெஷின் கடையில், மற்றது வீட்டுக் கூடத்தில். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது, துர்க்காஷ்டமி வரை.

அன்று சாயங்காலம் பூஜை வைப்பு, எங்கள் ஊர் சரஸ்வதி பூஜை. வைத்த புத்தகத்தையும் ஆயுதத்தையும் விஜயதசமிக் காலை வரை தொடக்கூடாது. ஜானவியின் அம்மா சிவகாமியம்மாள் கூடத்து மெஷினின் ஒயரைப் பிடுங்கி, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் பட்டு விரித்து உட்கார்த்தினாள்.

கடையில் அவலுக்கும் சர்க்கரைக்கும் கூட்டம் நெரிந்தது. பில் வரவில்லை. கடை மெஷினுக்கு ஒரு கேடுமில்லை. வீட்டு மெஷின் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லட்டும் என்று மரியாதையாகக் காத்து நின்றது.

ஜானவி ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். “அம்மா, அதை எடு! கடை நிக்கி!”

“சரஸ்வதி இருக்கா அதிலே. தொட்டேன்னா கை இருக்காது.”

வினீத்தை ஃபோனில் பிடித்தாள். “கடை மெஷின்கிட்ட, காத்து நிக்க வேண்டாம்னு மாத்தி வைக்கேன் சேச்சி. மத்தது எழும்பினா பாக்கியை அனுப்பிக்கும். அதுவரை ஒத்தையிலே ஓடும், அது படுத்தா தீர்ந்தது.”

“மாத்து!”

கடையில் பில் வந்தது. பின்னாலேயே அண்ணாச்சியும் வீட்டுக்கு வந்தார், மீசையைத் தடவிக்கொண்டு. “கடை நின்னுதா இல்லியா? பந்தயம்னா பந்தயம்.”

சிவகாமியம்மாள் விளக்குத் திரியை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். “மெஷினா நின்னுது? நான்லா நிறுத்தினேன். அப்போ தோத்தது நான். கோயம்புத்தூருக்கு நானே போறேன்.”

விளையாட்டென்று நினைத்தோம். விஜயதசமியன்று பூஜை எடுத்ததும் சிவகாமியம்மாள் கோயம்புத்தூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாள். அண்ணாச்சி ஹோட்டல் தோசையில் இளைத்தார். தெரு மொத்தமும் ஜானவியோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்த வினீத், ஸ்ரீலட்சுமி என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கொச்சிக்குப் போய்விட்டான்; எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜானவி கடையில்தான் இருக்கிறாள். சிவகாமியம்மாளோ, அந்தக் கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்கு அங்கேயே வேறு பெண் பார்த்து, கல்யாணச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினாள்.