காலியாக விட்ட கட்டம்

பவரக்கா கம்ப்யூட்டரோடு சண்டை போட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அதில் பாதி பொய். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சண்டை முழுவதையும் அக்கா ஒருத்தியே போட்டாள். வாய்க்கு வாய் கதை நீண்டு, கம்ப்யூட்டரை உடைத்தாள், போலீஸ் வந்தது என்கிற அளவுக்குப் போய்விட்டதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் மோவாயை இயந்திரத்தின்மேல் வைத்தால், அது சற்று முனகிவிட்டு ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும். சீட்டில் இருக்கும் எண்ணுக்கு லென்ஸ் எடுத்து, விளிம்பைத் தேய்த்து, பிரேமில் பொருத்தி, காதுக்கு இதமாகக் காம்பை வளைத்துத் தருவது அவள் பொறுப்பு. தெருவில் ஒருவர் பெயரும் அவள் நினைவில் நிற்காது. பவர் மட்டும் நிற்கும். "மைனஸ் மூணு வீட்ல இன்னிக்கும் சண்டை", "அந்தப் பிளஸ் ஒண்ணரை கடன் கேட்டா குடுத்துடாதே" என்று பேசுகிறவளுக்குப் பவரக்கா என்று பேர் வைத்ததில் யார்மீதும் தப்பில்லை.

போன மாதம் ஒரு பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், திருப்தி. எழுந்து போகவேண்டியதுதானே? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மைனஸ் ரெண்டரைங்கறீங்களே, எதுலேர்ந்தும்மா கழிக்கிறீங்க?"

"அது பவர் சார்."

"சரி, ரெண்டரை என்ன? ரெண்டரை கிலோவா, ரெண்டரை அடியா?"

அக்கா சிரித்து மழுப்பினாள். கல்லாவிலிருந்து முதலாளி, "அதெல்லாம் மெஷின் பாத்துக்கும் சார்" என்றார். டிரைவர் போய்விட்டார். கேள்வி போகவில்லை. பதினேழு வருஷமாக ஊருக்கெல்லாம் ரெண்டரையும் மூணரையுமாக எடுத்துக் கொடுத்திருக்கிறோமே, எதைக் கொடுத்தோம் என்று அன்று ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

போனிடம் கேட்டாள். பாவம், அது ஒரு குறையும் வைக்கவில்லை. ஆறு வரியில் மணிமணியாகப் பதில் சொன்னது. ஆறு தடவை படித்தாள், மனப்பாடமே ஆகிவிட்டது. இன்னும் எளிமையாகச் சொல் என்றாள். அது அவளைப் பால்வாடிக் குழந்தையாக நினைத்துக்கொண்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் கதை சொன்னது. அதுவும் மனப்பாடம் ஆயிற்று. மறுநாள் வேறொருவர் கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பாள், அவரும் பலே என்றிருப்பார். அவளுக்கு மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இல்லை என்று.

நகராட்சியின் மாலைக் கல்லூரியில் பௌதிகம் சொல்லித் தருகிறார்கள், பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் சேரலாம் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் சொன்னாள். பார்சல் வண்டி ஓட்டும் கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"படிச்சு என்ன பண்ணப் போறே?"

"தெரிஞ்சுக்கப் போறேன்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

"தெரிஞ்சு வச்சுக்கப் போறேன்."

அவனுடைய தங்கை, போனில் பதினொரு சான்றிதழ் வைத்திருப்பவள், விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, நான் முந்தா நேத்துதான் 'தலைமைப் பண்பு' முடிச்சேன். நாற்பது நிமிஷம். பௌதிகத்துக்குப் போய் ஒரு வருஷமா?"

"தலைமைப் பண்பு வந்துடுச்சாடி?"

"சான்றிதழ் வந்துடுச்சு."

"அப்ப எழுந்து அந்தத் தண்ணிப் பானைய எடுத்து வை, தலைவி."

பதிவுக்குக் கடைசி நாளன்று சாயங்காலம், கடையில் சொல்லிவிட்டு அரைமணி முன்னதாகவே கிளம்பிக் கல்லூரிக்குப் போனாள். ஐந்தே காலுக்கெல்லாம் வரிசையில் நின்றாயிற்று. பதிவு மேஜையில் இருந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். மைனஸ் ஒண்ணேமுக்கால், இடது காம்பு தளர்ந்திருக்கிறது என்று அக்கா உட்காருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். வயது, விலாசம், தொழில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. படிப்பின் நோக்கம் என்ற கட்டத்தில் வண்டி நின்றது.

"நாலுல ஒண்ணு சொல்லுங்கக்கா. வேலை தேட, பதவி உயர்வு, சொந்தத் தொழில், மேற்படிப்பு."

"நாலும் இல்லம்மா. தெரிஞ்சுக்கறதுக்கு."

"அது இதுல இல்லையே."

"அப்ப காலியா விடு."

"விட்டா அடுத்த பக்கம் வராதுக்கா. ஏதோ ஒண்ணு போட்டுடறேன், யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலேன்னா ஏன் கேக்குது?"

பதிவுப் பெண்ணிடம் இதற்குப் பதில் இல்லை. பின்னால் நின்றவர்களிடம் நிறைய இருந்தது. "பெரியம்மா, கட்சியா ஆரம்பிக்கிறீங்க? சீக்கிரம்!" என்றான் ஒருவன். பிளஸ் கண்ணாடி போடவேண்டிய வயசு வந்தும் போடாமல் போனை ஒரு முழ தூரத்தில் நீட்டிப் பிடித்திருக்கிறவன் பெரியம்மா என்கிறான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவளும் பிடிவாதத்துக்குப் பிடிவாதம் பிடிக்கிற ஆளில்லை. சரி, போட்டுத் தொலை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண், போட்டே காட்டிவிடலாம் என்று 'வேலை தேட' என்பதைத் தொட்டாள்.

திரையின் ஓரத்தில் பௌதிகத்தின் இருபத்திரண்டு பாடங்கள் வரிசையாக நின்றிருந்தன. தொட்டதும் அவற்றில் பதினாறு காணாமல் போயின.

"எங்கம்மா போச்சு?"

"நோக்கத்துக்குத் தேவையில்லாத பாடத்த அதுவே எடுத்துடும்க்கா. உங்களுக்கு நேரம் மிச்சம்."

பதினாலாவது பாடம் ஒளியும் லென்ஸும். அதுவும் போயிருந்தது. சொந்தத் தொழிலைத் தொட்டுப் பார்த்தார்கள்: ஐந்து பாடம், அதில் ஒன்று மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி. பதவி உயர்வுக்கு நாலு. மேற்படிப்பு பள்ளிச் சான்றிதழ் கேட்டது. அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கடைசியில் கம்ப்யூட்டரே மனமிரங்கி, அவளுடைய வயதையும் தொழிலையும் பார்த்து ஒரு யோசனை சொன்னது: கண்ணாடிக் கடை விற்பனை, ஆரம்பநிலை, மூன்று நாள்.

சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பம். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது உண்மை. கையை ஓங்கவில்லை.

சத்தம் கேட்டு முதல்வர் வந்தார். நல்ல மனுஷன், நிறைய கூட்டங்களுக்குப் போய்விட்டு வந்த முகம்; கூடவே பௌதிக டீச்சர். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள், விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அம்மா, காலம் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பாக்கறீங்கல்ல?" என்றார் முதல்வர். "பிரயோஜனமில்லாதத தலையில ஏத்திக்கிட்டு என்ன பண்ணுவீங்க? இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க கடையில ஆளே இருக்கப் போறதில்ல."

"நல்லதாப் போச்சு சார். எனக்குப் படிக்க நேரம் கிடைக்கும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல்வர் சிரிக்கவில்லை. "எதுக்காகப் படிக்கிறோம்னு தெரியாம எப்படிப் படிப்பீங்க?"

"எதுக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்க எதுக்கு சார் பள்ளிக்கூடம் வரணும்? படிச்சுட்டுத்தானே அதச் சொல்ல முடியும்?"

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் அக்காவைச் சன்னல் பக்கம் அழைத்துப் போய்க் குரலைத் தணித்தாள். விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். இதுவரை ஏழு. ஆறு மணிக்குள் எட்டாவது ஆள் பதியாவிட்டால் பௌதிகத்தை மூடிவிட்டு, அந்த அறையை 'இயந்திரத்திடம் கேட்கும் கலை' வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஒரு சின்னப் பொய்தாங்க்கா. போட்டுடுங்க. விட்டுப்போன பாடத்த நான் எப்படியாவது இடையில சொல்லிடறேன்."

"அந்த ஏழு பேரும் என்ன போட்டாங்க?"

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு போட்டிருக்காங்க."

"அவங்களுக்கு எத்தன பாடம் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் விரலில் இருந்த தூளைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா விறுவிறுவென்று வகுப்பறைக்கு நடந்தாள். மணி ஐந்து நாற்பது. உள்ளே ஏழு பேர் பெஞ்சுகளில் பரவி உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முன்பின் பழக்கமில்லாதவர்கள். அதெல்லாம் பவரக்காவுக்கு ஒரு தடையா?

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று முதல் பெஞ்சுக்காரரைப் பிடித்தாள்.

அவர் சலூன்காரர். கொஞ்சம் வெட்கப்பட்டார். "கண்ணாடியில வலது இடதா மாறுது. தலை ஏன் காலா மாறல? முப்பது வருஷமா கண்ணாடி முன்னாடியே நிக்கறேன், இது தெரியாமலே செத்துடுவேனோன்னு..."

"படிவத்துல அதையா போட்டீங்க?"

"இல்ல, சொந்தத் தொழில்னு போட்டேன்."

"போன்ல உங்க பாடத்தப் பாருங்க."

பார்த்தார். ஐந்து பாடம். கண்ணாடி பற்றி ஒன்றும் இல்லை. முடி உலர்த்தும் கருவியைப் பாதுகாப்பாகக் கையாளுவது பற்றி ஒன்று இருந்தது. "நான் அதுல டாக்டர் பட்டமே வாங்கியிருக்கணுமே!" என்றார்.

நீச்சல் குளத்தில் காவல் பார்க்கும் பெண், ஆழமான பக்கம் பார்வைக்கு ஏன் ஆழம் குறைவாகத் தெரிகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவள். பதவி உயர்வு என்று போட்டிருந்தாள், நாலு பாடம். ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவருக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியவேண்டும். அவருக்கு மிஞ்சியது தீயணைப்பான் பயன்பாடு. ஏழு பேரும் ஏதோ ஒன்றைப் போட்டிருந்தார்கள், ஏழு பேருக்கும் வந்த காரியம் மட்டும் கச்சிதமாகக் கழன்றிருந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு துண்டு.

"எந்திரிங்க" என்றாள் அக்கா.

ஏழு பேரும் பதிவு மேஜையைச் சூழ்ந்தபோது அந்தப் பெண் பயந்துபோய் முதல்வரைப் பார்த்தாள்.

"எங்க நோக்கத்த அழிச்சுடும்மா" என்றார் சலூன்காரர்.

"அழிச்சா பதிவே போயிடும் சார்."

"போகட்டும். பதிவில்லாமலே முழுசாப் படிச்சுக்கறோம்."

அந்தப் பெண் ஒவ்வொருவருடையதாக அழித்தாள். சேருவதற்கு ஏன் என்று அத்தனை குடைந்த கம்ப்யூட்டர், போகிறவர்களை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி ஆளை நீக்கிவிட்டுத் தன் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டாள். அது மறுபடி சரிந்தது.

முதல்வர் திரையை எட்டிப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்குங்க. சான்றிதழ் கிடையாது. பரீட்சை கிடையாது. என் கணக்குப்படி பௌதிக வகுப்புல இப்ப ஒருத்தர்கூட இல்ல."

"அப்ப மூடறதுக்கும் அங்க ஒண்ணும் இல்லையே சார்" என்றாள் அக்கா.

ஆறு அடித்தது. 'இயந்திரத்திடம் கேட்கும் கலை' வகுப்புக்காரர்கள் இருபது பேர் அறைக்கு வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன. ஒழுங்காக நோக்கம் எழுதிக் கொடுத்தவர்கள். எட்டுப் பேரும் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனார்கள். ஐந்தாறு படி, ஒரு சன்னல், சாயங்கால வெளிச்சம், பழைய அறிவிப்புப் பலகை ஒன்று. ரொட்டி அடுப்புக்காரர் எழுத இடம் வரும்படி அதிலிருந்த காகிதங்களைக் கிழியாமல் ஓரமாக ஒதுக்கினார்.

டீச்சர் சாக்பீஸ் பெட்டியோடு வந்தாள். முதல்வர் பின்னாலேயே வந்தார். "டீச்சர், இதுல நீங்களுமா? உங்களுக்கு இன்னிக்கு வகுப்பு இல்ல. இது வேலைநேரத்துல சேராது, தெரியுமில்ல? மேல கேட்டா நான் காப்பாத்த மாட்டேன்."

டீச்சர் பெட்டியைச் சன்னல் ஓரத்தில் வைத்தாள். "ஆறோட என் வேலை முடிஞ்சுடுச்சு சார். மாடிப்படியில உக்காரப் போறேன். அதுக்கும் நோக்கம் எழுதித் தரணுமா?"

முதல்வர் எட்டுப் பேரையும் மாறி மாறிப் பார்த்தார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. எதைச் சொன்னாலும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இறங்கிப் போய்விட்டார்.

எத்தனை நாள் விடுவார் என்று யாருக்கும் தெரியாது. டீச்சருக்கும் அந்த நினைப்புதான் போலிருக்கிறது. அக்காவிடம் குனிந்து, "நாளைக்கே நம்மள இங்கேர்ந்தும் கிளப்பலாம்க்கா. இன்னிக்கே நேரா பதினாலுக்குப் போயிடட்டுமா? லென்ஸ். உங்களுக்காவது முடிஞ்சுடும்" என்றாள்.

அக்காவுக்கு வாயில் நீர் ஊறியது என்றே சொல்லவேண்டும். ஒரு மாதமாகத் தொண்டையில் நிற்கிற கேள்வி. சலூன்காரர் தரையைப் பார்த்தார். நீச்சல்குளத்துப் பெண் புதுநோட்டின் முதல் பக்கத்தைத் தடவித் தடவி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றாள் பவரக்கா. படியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவு சுலபத்தில் கிளப்பமுடியாதபடி. "ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. ஒண்ணக்கூட விடாதீங்க."