ஏணியடியில் நின்றவன்

பழைய போர் ஜெட் ஒன்றை வரைவதற்காக ஓவியர் தேடி வந்தபோது, மெக்கானிக் கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஓவியத்தை அச்சடித்து ஐந்நூறு பிரதிகள் மட்டும் விற்கப் போகிறார்களாம். அந்த விமானத்தை ஓட்டியவர் ஒவ்வொரு பிரதியின் ஓரத்திலும் பென்சிலால் கையெழுத்துப் போடுவாராம். விமானத்தின் எண்ணைச் சொன்னதும் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏழு வருடம் அவர் கையில் இருந்த விமானம் அது.

"போட்டோவுல எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளிச்சிட்டு நிக்குது. வேலை பார்த்த நாள்ல எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் ஓவியர்.

மெக்கானிக் சொன்னார். ஆறு வாரம், செவ்வாயும் வெள்ளியும். சக்கரக் குழியிலிருந்து வயிற்றோரம் வழியும் எண்ணெய்க் கோடு, துப்பாக்கி முனையைச் சுற்றிப் படிந்த கரி. இடது இறக்கையில் ஒரு தகடு மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கும், பெயிண்ட் தீர்ந்துபோய் வேறு டப்பாவைத் திறந்ததால். ஒருநாள் ஓவியரின் பென்சிலைத் தானே வாங்கி, எஞ்சினுக்குக் காற்று போகும் வாயோரத்தில் இருந்த நசுங்கலைத் திருத்தினார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஓய்வு பெற்ற பிறகு விமானம் என்ற பேச்சு அந்த வீட்டில் வாய் தவறியும் வந்ததில்லை.

கடைசி நாள் ஓவியர் சன்மானத்தைப் பற்றி இழுத்தார். மெக்கானிக் உள்ளே போய் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துவந்தார்.

"காசு வேணாம். ஏணியடியில இவனை நிறுத்துங்க. போதும்."

படத்தில் இருந்தவனை விமானப்படைத் தளத்தில் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தடிகூட இல்லாத ஆள். பெரிய உடம்புக்காரர்கள் விமானத்துக்குள் கையை மட்டும் விடுகிற இடத்தில் அவன் முழுசாகப் போய்வருவான். மெக்கானிக்குக்கு அவன் உடன்பிறவாத தம்பி. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அதே விமானத்தில்தான் செத்தான்.

விமானியின் ஆசனத்துக்கு அடியில் வெடிமருந்து உண்டு. ஆபத்தில் கைப்பிடியை இழுத்தால் ஆசனம் ஆளோடு வெளியே பறக்கும். தரையில் அது வெடிக்காமல் இருக்க, சிவப்புத் துணி கட்டிய ஒரு பின்னை விமானி இறங்கும்முன் செருக வேண்டும். அன்றைக்கு யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருந்தார்கள். விமானி, இப்போது பிரதிகளில் கையெழுத்துப் போடப்போகிறவர்தான், போட்டோவுக்கு நிற்கும் அவசரத்தில் பின்னைச் செருகாமலே குதித்து இறங்கிவிட்டார். விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிய பிறகு ஒரு விளக்கை மாற்ற சிட்டு மேலே ஏறினான். ஆசனம் வெடித்து அவனோடு கொட்டகைக் கூரையில் போய் மோதியது.

ஓடிவந்தவர்களில் விமானியும் இருந்தார். அவர் உடுப்பின் பக்கவாட்டுப் பையிலிருந்து சிவப்புத் துணி வெளியே தொங்கியதை மெக்கானிக் பார்த்தார். மெக்கானிக் பார்த்துவிட்டதை விமானியும் பார்த்தார்.

விசாரணையில் அந்தப் பின்னைச் செருகியிருந்ததாகவும், சிட்டுவே கவனக்குறைவாக அதை உருவியதாகவும் எழுதினார்கள். சாட்சி என்ற இடத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். யாரும் மிரட்டவில்லை. மேலதிகாரி நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, உன் மனைவிக்கு இது எத்தனையாவது மாதம் என்று மட்டும் கேட்டார்.

சிட்டுவின் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் சேர்ந்து, மகனை வளர்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றாள். படத்தில் சிட்டு வரப்போகிறான் என்று மெக்கானிக் போனில் சொன்னபோது, அதுவரை எதையும் கேட்டிராத அவள், என்ன உடுப்பில் நிற்கிறார் என்று கேட்டாள்.

வெளியீட்டு விழாவில் திரையை விலக்கினார்கள். எண்ணெய்க் கோடு இருந்தது. வெளிறிய தகடு இருந்தது. நசுங்கலும் இருந்தது. ஏணியடியில் யாரும் இல்லை, வெறும் சிமெண்ட் தரை. கண்ணில்தான் கோளாறோ என்று மெக்கானிக் கிட்டே போய்ப் பார்த்தார்.

ஓவியர் அவரை ஓரமாக அழைத்துப்போனார். "வரைஞ்சிருந்தேன் சார். பைலட் சார்தான் ஆளை எடுத்துடச் சொன்னாரு. படம் விமானத்தைப் பத்தினதுன்னாரு."

"அது யாருன்னு அவருக்குத் தெரியலையோ என்னமோ."

ஓவியர் தரையைப் பார்த்தார். "பார்த்ததுமே சிட்டுன்னு சொன்னாரு சார்."

மெக்கானிக் கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றார். கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் முறை வந்ததும் விமானி எழுந்து நின்று கட்டிப்பிடித்தார். இவர் கையை நம்பித்தான் நான் பறந்தேன் என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். ஒரு பிரதியில் கையெழுத்திட்டு, சுருட்டி, தன் கையாலேயே கொடுத்தார். கை தட்டினார்கள்.

"நன்றி சார்" என்றார் மெக்கானிக். கேட்க வந்ததைக் கேட்காமலே வரிசையிலிருந்து விலகினார்.

மறுநாள் சிட்டுவின் மனைவி வீட்டுக்குப் போனார். கூடத்தில் காலண்டரை எடுத்துவிட்டு இடம் பண்ணி வைத்திருந்தாள். படத்தைக் கட்டிலில் விரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் தடவித் தேடினாள்.

"இவரு எங்கண்ணே?"

மெக்கானிக் சொன்னார். படத்தில் தொடங்கி, செருகாத பின், பையில் தொங்கிய சிவப்புத் துணி, தான் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அவள் அழவில்லை. படத்தைச் சுருட்டிக் கட்டிலின் ஓரமாகத் தள்ளினாள்.

"வருஷா வருஷம் அவரு போன தேதிக்கு வந்து, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போவீங்க. என்னமோ இருக்குன்னு தெரியும்ணே. இவ்வளவுன்னு தெரியாது" என்றாள். பிறகு மகனைப் பற்றிச் சொன்னாள். அதே தளத்தில் வேலைக்கு மனுப் போட்டபோது, கவனக்குறைவால் செத்தவன் மகனா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அன்று இரவு அவன் அப்பாவின் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டான். அவளும் மறுபடி மாட்டவில்லை. "நானும் நம்பிட்டேண்ணே. இந்த மனுஷன் கொஞ்சம் பார்த்து இருந்திருக்கக் கூடாதான்னு எத்தனை நாள் திட்டியிருக்கேன் தெரியுமா?"

அலமாரியிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்கல்ல. இதுலயும் போடுங்க."

அன்று நடந்ததை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றரைப் பக்கம். அவளே தபால் அலுவலகம் போய் விமானப்படைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட விசாரணைக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன, மூலக் கோப்பு இல்லாமல் திருத்தம் செய்ய வழியில்லை. இரண்டே வரி. அதற்குள் விஷயம் விமானியின் காதுக்குப் போயிருந்தது. பாவம், வயசாகி மெக்கானிக்குக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவர் எல்லோரிடமும் பரிவோடு சொன்னார். பழைய சகாக்களின் போன் நின்றுபோனது. இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று மனைவி கேட்டாள்.

சிட்டு செத்த தேதி வந்தபோது வழக்கம்போலப் போனார். அவள் கதவைத் திறந்தாள், ஆனால் நிலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இனி வராதீங்கண்ணே. முன்னாடியெல்லாம் உங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். இப்ப அதுவும் இல்ல."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த வருடம் அந்தத் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மெக்கானிக் வீட்டிலேயே இருந்தார்.