இடைசெவல் கேன்கள்

1983 மார்ச் 14. சோதித்துப் பார்க்கும் முன்பே 'என் ஊகம் பொய்' என்று நேற்று எழுதிவிட்டேன். அது தவறு. அந்த வரியை அடித்துவிட்டேன்.

டாக்டர் சொர்ணத்தாய் பேனாவை மூடினாள். கோவில்பட்டியில் ஆய்வுக்காக ஒதுக்கித் தந்த அறையில், மேசைக்கடியில் வெள்ளைக் கேன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவள் பிறந்து வளர்ந்த இடைசெவலிலிருந்து வந்தவை. ஒரு பெண் ஒரு பகலும் ஒரு இரவும் கழிக்கும் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் பிடித்துத் தர வேண்டும். அத்தனை கேன்களும் கழுத்துவரை நிறைந்து வந்திருந்தன.

அதுதான் இடித்தது. பருத்திக் காட்டுப் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால்தான் இந்தப் பக்கம் சிறுநீரகக் கல் இவ்வளவு என்பது அவள் ஊகம். தண்ணீர் குடிக்காதவளுக்குக் கேன் எப்படி நிறையும்? அடுத்த திங்கட்கிழமை மதுரையில் பேராசிரியரிடம் கணக்கைக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் ஆய்வை நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஊகத்துக்கு ஒத்துவராத கேனைக் கொட்டிவிட்டு எழுதுவது மோசடி. அதனால் அவள் கிரியேட்டினினைப் பார்த்தாள். அது தசையிலிருந்து வரும் கழிவு. தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், ஒரு உடம்பு ஒரு நாளில் வெளியேற்றும் அளவு பெரிதாக மாறாது. அவளுக்குச் சித்தி முறையான முத்துத்தாயின் கேனில் ஒரு உடம்பு தரக்கூடியதைப்போல் இரு மடங்கு இருந்தது. தன் கைமேல் சந்தேகம் வந்து மறுபடி பார்த்தாள். அதேதான். மற்ற கேன்களிலும் அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் ஊருக்குப் போனபோது முத்துத்தாய் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, உங்க கேன்ல இன்னொரு ஆளும் இருக்கு."

முத்துத்தாய் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி பாண்டியம்மா! நீதான் இவகிட்டச் சொன்னியா?"

"நா ஏன் சொல்லப் போறேன்? எனக்கே வெக்கமா இருக்கு" என்றாள் மருமகள் உள்ளேயிருந்து.

"பெறகு உனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று சொர்ணத்தாயைக் கேட்டாள்.

"கேனே சொல்லுது சித்தி."

முத்துத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி கள்ளி! என்ன செய்யச் சொல்லுத? எனக்கு வந்தது கேனுக்கு அடி நனையக் காணாது. நம்ம ஊருப் பிள்ள டாக்டரா வந்து நின்னு கேக்குது. அரைகுறையாக் குடுத்தா மத்த ஊர்க்காரி சிரிக்க மாட்டாளா? தெருவே பேசித்தான் நெறச்சோம்."

"பகல்ல தண்ணி குடிக்க மாட்டீங்களோ?"

"குடிச்சா எங்கன ஒதுங்க? கரிசக்காட்டுல ஒரு மறைவு உண்டுமா? நாலு பக்கமும் ஆம்பளையா நிக்கான்."

சொர்ணத்தாய்க்குக் கோபம் வரவில்லை. இந்தத் தெரு தன்னைப் பற்றி இவ்வளவு பெருமைப்படுகிறதா என்று வியந்தாள். கொண்டுவந்திருந்த புதுக் கேன்களை இறக்கிவைத்தாள். "பழசு பூராத்தையும் கொட்டப் போறேன் சித்தி. இதுல உங்க ஒருத்தரோடது மட்டும்தான் வேணும். அடி நனைஞ்சாப் போதும்."

இரண்டு நாள் கழித்து, முத்துத்தாய் தன் கேனை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். கால் பங்குகூட இல்லை. நல்லெண்ணெய் நிறம். சொர்ணத்தாய் அதை வாங்கித் தெருவே பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த ஜில்லாவுலயே சரியாப் பிடிச்ச கேன் இதுதான்!"

"பாத்தியா" என்றாள் முத்துத்தாய், பாண்டியம்மாளைத் திரும்பிப் பார்த்து. மற்ற பெண்களும் ஒளித்து வைத்திருந்த கேன்களை வெளியே கொண்டுவந்தார்கள். கோவில்பட்டியில் சோதித்தபோது ஒவ்வொன்றிலும் ஒரு உடம்பின் கிரியேட்டினின்தான் இருந்தது. கல்லாக உறையும் கால்சியம் அடர்ந்து கிடந்தது.

திங்கட்கிழமை பேராசிரியர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "முதல்ல வந்த கேன்களை ஏன் தள்ளினீங்க?" என்று கேட்டார்.

"அது கடைசிப் பக்கத்துல இருக்கு சார். தப்பு என்னோடது. கேன் நிறைய வேண்டியதில்லைன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அவர் அந்தப் பக்கத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். "இதுல ஆரம்பிங்க டாக்டர். இன்னும் ரெண்டு வருஷம் நடக்கட்டும்."

ரயிலில் திரும்பும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மணியாச்சிப் பக்கம் போகும் குடும்பம் ஒன்று கடலைமிட்டாய் நீட்டியது. வாங்கித் தின்றுகொண்டே எழுதினாள்:

நாளை: முத்துத்தாய் வேலை செய்யும் கருத்தையா புஞ்சையில் நாலு கம்பு நட்டு, ஓலைத்தட்டி கட்டி, பெண்களுக்கு மறைவு போட வேண்டும். பக்கத்திலேயே இரண்டு குடம் தண்ணீர் வைக்க வேண்டும்.