ஒன்றரை அடித் தாவல்

1

இந்தக் கதை எனக்குத் தேநீர் வரிசையில் கிடைத்தது. ‘வட்டார மாற்றமும் சுற்றுச்சூழல் மாற்றமும்’ என்று மூன்று நாள் கருத்தரங்கு. இலக்கியத்துக்கும் ஒரு நாற்காலி போடவேண்டுமே என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் காலை அமர்வு முடிந்ததும் எனக்குப் பின்னால் நின்றவர் கேட்டார்: “நீங்க கதை எழுதுறவராமே. ஒரு பொய்ய இருபது வருசம் கழிச்சு எப்படிங்க திருத்துறது?”

இரண்டு தேநீருக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: ‘ஆறு அன்று அமைதியாக ஓடியது.’ அடித்துவிட்டேன். ஆற்றில் இறங்காதவன் எழுதும் வரி.

இரண்டாவது: ‘உலகமே சூடேறிவரும் இவ்வேளையில்...’ [இதுவும் வேண்டாம். ஆனால் அரங்கின் குளிர் நிஜம். வெப்பநிலை உயர்வு பற்றிப் பேசியவர் பல் தந்தியடிக்க இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.]

சரி, ஆளிடமிருந்தே தொடங்குகிறேன். ஆற்றில் கோடு போட்ட கம்பம் ஒன்று நிற்கும். தினமும் காலையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. அளவுக்காரர் என்பார்கள். இருபத்தாறு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘மக்கள் குரல்’ என்று அச்சடித்திருந்தார்கள். பேச அவருக்குக் கடைசி நாள், சாப்பாட்டுக்குப் பின், நான்கு நிமிடம்.

3

பொய் இதுதான். இருபது வருடம் முன்பு ஆற்றில் இறங்கிய மணல் லாரி ஒன்று பின்னோக்கி வந்து கம்பத்தைச் சாய்த்துவிட்டது. மேலே சொன்னால், “நீ எங்கய்யா போயிருந்த?” என்பார்கள். தற்காலிகக்காரனின் வேலைக்கு வேட்டு வைக்க அந்தக் கேள்வியே போதும். [சாப்பிடப் போயிருந்தார்.] தங்கை புருசனைக் கூட்டிவந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கம்பத்தைத் தானே நட்டார். அது சேற்றில் ஒன்றரை அடி கூடுதலாக இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து நோட்டில் தண்ணீர் ஒன்றரை அடி உயர்ந்தது. ஆறு ஒரு தப்பும் செய்யவில்லை. சரிபார்க்க வேண்டிய அதிகாரி வருடத்துக்கு ஒருமுறை வந்து, ஜீப்பிலிருந்து இறங்காமலே கையெழுத்துப் போட்டுப் போனார்.

4

அந்த நோட்டுகளை வைத்துத்தான் கருத்தரங்கை நடத்திய பேராசிரியர் முதல் நாள் திரையில் ஒரு கோடு காட்டினார். நேராக வந்த கோடு ஓரிடத்தில் படியேறி, அந்த உயரத்திலேயே போனது. ‘பெருந்தாவல்’ என்று அதற்குப் பெயர். பதினொரு கட்டுரைகள் அதன்மேல் நிற்கின்றன. கம்பத்தைவிட உறுதியாக.

கடைசி நாள் நிறைவேற்றப்போகும் தீர்மானம்: தாழ்கரைத் தெருவின் நாற்பது வீடுகளும் வாழத் தகாதவை, அகற்றலாம். அதிகாரிகள் இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். நாற்பதில் ஒன்று அளவுக்காரரின் தங்கை வீடு.

தங்கை போன் செய்தாள். “என்னண்ணே சொல்றாங்க?”

“கோடு போட்டுக் காட்டுறாங்க.”

“நம்ம வாசப்படியில தண்ணி ஏறினதே இல்லைன்னு சொன்னியா?”

“சொல்றேம்மா.”

“எப்ப? வீட்ட இடிச்ச பெறகா? அளக்குற ஆளு நீ. வாயத் தச்சா வச்சிருக்கு?”

[இங்கே அவருடைய மனப்போராட்டத்துக்கு ஒரு பத்தி எழுதினேன். ‘மனசாட்சி’ இரண்டுமுறை வந்தது. கிழித்துப்போட்டேன். அவர் நினைத்தது இவ்வளவுதான்: வேலை நிரந்தரமாகும் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது.]

5

கடைசி நாள். மைக்கைப் பிடித்தார்.

“அந்தக் கம்பத்த நட்டது நான்தாங்க. என் கையால.”

கைதட்டல்.

“இல்லீங்க, கேளுங்க. லாரி இடிச்சி சாஞ்சிபோச்சி. நானும் மச்சானும் திரும்ப நட்டோம். ஒன்றரை அடி கீழ எறங்கிடுச்சி.”

இன்னும் பலத்த கைதட்டல். அமர்வுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். “தண்ணீரில் நின்று தானே நட்டிருக்கிறார்! மக்கள் பங்கேற்பு என்று நாம் சொல்வது இதைத்தான்!”

“ஆறு ஏறவே இல்லீங்க...”

மணி அடித்தது. மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. பேராசிரியரின் ஆய்வு மாணவி, அந்தக் கோட்டை வரைந்தவள். மடிக்கணினியைத் திறந்து படியின் உயரத்தைப் பார்த்தாள். ஒன்றரை அடி. பேராசிரியரும் எட்டிப் பார்த்தார். “உன் பட்டத்துக்கு என் கையெழுத்து ஒண்ணுதாம்மா பாக்கி” என்றார், அன்பாக.

6

முடிவு ஒன்று: மாணவி எழுந்து உண்மையை உடைக்கிறாள், தெரு பிழைக்கிறது. எழுதிப் பார்த்தேன். சினிமா.

முடிவு இரண்டு: யாரும் எழவில்லை, இயந்திரம் வந்து வீடுகளை இடிக்கிறது. இதுவும் சுலபம். கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

முடிவு மூன்று: மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த, எல்லாம் தெரிந்த எழுத்தாளன், குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு...

[இந்த வரியை ஏழு முறை தொடங்கிவிட்டேன்.]

“தீர்மானத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம்” என்கிறார் தலைவர். அளவுக்காரர் மேடைப் படியில் நின்று திரும்பிப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன்.

இப்போது உங்களுக்கும் எல்லாம் தெரியும்.